தங்கப்பழம் அண்ணாச்சி வைத்த சிவப்புப் புள்ளி

தூத்துக்குடி வியாபாரிகள் சங்கத் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. வீட்டு முட்டையில்கூடப் புள்ளி வைத்துத்தான் அடுக்குவார். புதுச் சாமான் வாங்க மனசு வராது. எங்கெங்கோ கிடைத்த பழைய சாமான்களை மாட்டியே தன் ஓட்டைக் காரை ஓட்டிவந்தார். அதை மெக்கானிக் பிலோமினாவிடம் விடும்போது, அவள் எதையும் மாற்றிவிடக் கூடாதென்று ஒவ்வொரு சாமானிலும் சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைத்தார்.

மறுநாள் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் கார்புரேட்டரில் மட்டும் புள்ளியைக் காணோம்.

“ஏ புள்ள, மாத்திட்டியா?”

“தின்னர்ல கழுவினேன் அண்ணாச்சி. சாயம் போயிருக்கும்.”

“கதை விடாத. சாயங்காலத்துக்குள்ள புள்ளியோட என் கார்புரேட்டர் வரணும். வரலேன்னா கடையைப் பூட்டிருவேன்.”

எதிர் டீக்கடைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

பிலோமினா கார்புரேட்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது உங்களுது இல்லையா?”

“இல்லவே இல்ல. எந்தக் கோயில்லயும் சத்தியம் பண்ணுதேன்.”

“நானும் அதத்தான் சொல்லுதேன். உங்க புள்ளி இருந்த இடத்துல ‘எபி’ன்னு ஆணியால கீறியிருக்கு பாருங்க. போன மாசம் எபனேசர் சார் கார்ல களவு போனது இதான்.”

டீக்கடையில் எபனேசர் வாத்தியார் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். “இப்பப் பாத்தா என்னுது மாதிரியும் தெரியுது.”

“சத்தியம் பண்ணியாச்சே அண்ணாச்சி,” என்றாள் பிலோமினா. “காரைத் தள்ளிட்டுப் போக ஆளு கூப்பிடவா?”