காற்றுக்கு ஓர் உத்தரவு

கடலைத் தாண்டிய மாவீரனாக நடித்து, அந்தப் படத்தைத் தானே இயக்கியும் வந்த உச்ச நடிகர் தேவமித்ரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கரையிலிருந்து வீசிய கச்சான் காற்றில் படகின் பாய் முன்னால் புடைத்தது. கடலைப் பார்த்து நின்ற அவர் முடியும் முன்னால் பறந்து முகத்தை மூடியது.

“பாய் முன்னால புடைக்கணும், என் முடி பின்னால பறக்கணும். முடியலைன்னா நீயெல்லாம் படகோட்டின்னு சொல்லிக்காதே!”

தூத்துக்குடிப் படகோட்டி கஸ்பார் சுக்கானை விடவில்லை. “ரெண்டும் நடக்கும் ஐயா. அப்படியே திரும்பி நில்லுங்க.”

திரும்பினார். முடி அழகாகப் பின்னால் பறந்தது.

“பார்த்தியா! இப்ப எப்படி இருக்கேன்?”

“கடலுக்குப் பயந்து கரையைத் தேடுற மாதிரி இருக்கீக ஐயா.”

அடுத்த ஷாட்டில் அவருக்குப் பதிலாக வீரன் வேஷத்தில், கடலைப் பார்த்துச் சுக்கான் பிடித்தது கஸ்பார். படம் வெளியானபோது, முடி மூடிய அந்த முகம் யாருடையதென்று தூத்துக்குடித் தியேட்டர் விசிலடித்தே சொன்னது.