பெயர் எழுதாத முதல் வரி

லியோந்தியோஸை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தார். பாமூன் தோலை உரித்துக் கொடுக்க, அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். குரல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மூச்சோடு கலந்து வரும் சொற்கள்தான் மிச்சம்.

அலெக்சாந்திரியாவில் அவர் மெய்யியல் ஆசிரியர். நான் தோல் ஏடுகளைப் பிரதி எடுப்பவன். பள்ளிக்குப் போனதில்லை; எழுத்தின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியவன். "புரியாததை எழுதாதே, கேள்" என்று என்னிடம் சொன்ன முதல் மனிதர் அவர். அன்றிலிருந்து அவர் பாடம் நடத்தும் கூடத்தின் வாசலில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. நான் படித்தவன் ஆனது அங்கேதான்.

பாமூன் நாற்பது வயது மாணவன். முன்பு ஏரியில் படகோட்டியவன். உயிரைப் பற்றிய ஒரு பழைய நூலுக்கு லியோந்தியோஸ் மூன்று ஆண்டுகள் உரை சொன்னார், பாமூன் எழுதிக்கொண்டான். ஐந்து பாகங்களில் மூன்று முடிந்தபோது அவருக்குக் குரல் போயிற்று. கடைசி இரண்டையும் பாமூனே எழுதிப் படித்துக் காட்டினான். அவர் தலையசைத்தால் அந்த வரி நிற்கும். விரலை உயர்த்தினால் பாமூன் அதை அடித்துவிடுவான்.

அன்று அவர் பாமூனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"உரையைப் பிரதி எடுக்கும்போது முதல் வரியில் என் பெயரை எழுதாதே. அவன் பெயரை எழுது. கரையில் நிற்பவனுக்குப் படகு நகர்கிறது, படகில் இருப்பவனுக்குக் கரை நகர்கிறது என்று முதல் பாகத்திலேயே வருகிறதே, அது யாருடையது? நான் படகைப் பார்த்தாலே வாந்தி எடுப்பவன்."

எங்கள் ஊர் வழக்கப்படி உரையின் முதல் வரியில் ஒரே ஒரு பெயர்தான் வரும். தன் பெயரில் உரை உள்ளவருக்கே நகர மன்றம் ஆசிரியர் இருக்கையைக் கொடுக்கும். அது கிடைக்காவிட்டால் பாமூன் மறுபடியும் துடுப்புப் பிடிக்க வேண்டியதுதான்.

"அவன் தோள் இனித் தாங்காது" என்றார்.

சரி என்றேன். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை பாமூன் என் கடைக்கு வந்தான். என் மனைவி ஹெராயிஸ் எழுத்து நேராக வர முதல் பக்கத்துக்கு ஈயத்தால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என் பெயரை எழுதிவிடாதீர்கள், அண்ணா. அவர் பெயரை எழுதுங்கள்."

"அந்தப் படகு உன்னுடையதுதானே?"

"படகு என்னுடையது. 'உன் படகில் இது எப்படி இருக்கும்?' என்று கேட்டது அவர். அதுவரை எனக்கு அது ஆளேற்றி இறக்கும் படகுதான். அவருக்கு வேறு நூலும் இல்லை. இதிலும் பெயர் இல்லையென்றால் அவர் பேசியதெல்லாம் எங்கே போகும்?"

"இருக்கை?"

"ஏரி அங்கேயேதான் இருக்கிறது."

அவனுக்கும் சரி என்றேன். அவன் போனதும் ஹெராயிஸ் சிரித்தாள். "ஒருவர் செத்துப்போனவர், ஒருவர் பிழைக்கத் தெரியாதவர். இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டீர்கள். எழுதுங்கள், பார்க்கலாம்."

ஐந்து பாகங்களையும் எழுதி முடித்தேன். முதல் வரியை மட்டும் விட்டுவிட்டேன். எழுதாதே என்று சொல்லப்பட்ட இரண்டு பெயர்களையும் எழுதவில்லை. மன்றத்தில் "இது யாருடைய உரை?" என்று கேட்டார்கள். "என் ஆசிரியருடையது" என்றான் பாமூன். என்னையும் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. இருக்கை வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று.

பாமூன் ஏரிக்குத் திரும்பினான். ஒவ்வொரு வருடமும் முதல் அத்திப்பழங்களை எங்களுக்குக் கொண்டுவந்தான். அந்த வரியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது அந்த உரையைப் படிப்பவர்கள் அது யார் எழுதியது என்று சண்டை போடுகிறார்கள்.

ஆசிரியர் பெயரை விட்டுக்கொடுத்தார். மாணவன் இருக்கையை விட்டுக்கொடுத்தான். நான் வரியை விட்டுவிட்டேன். படிக்கிறவர்களே, சொல்லுங்கள்: எங்கள் மூவரில் யார் செய்தது சரி?

நான் செய்தது சரியில்லை. இரண்டு வாக்கிலும் "எழுதாதே" என்ற பாதியை மட்டும் காப்பாற்றினேன். அதற்குக் கையை மடக்கி வைத்திருந்தாலே போதும். "எழுது" என்ற பாதிக்குத் துணிவு வரவில்லை. பாமூன் செய்ததே சரி என்று முப்பது ஆண்டுகளாக நினைக்கிறேன். ஆசிரியருக்குக் குரல் இருந்தபோதே, முதல் பாகத்திலேயே அந்தப் படகு வந்துவிட்டது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் அது ஏரியிலேயே கிடந்திருக்கும். ஆசிரியர் மேலும் தவறில்லை. போகிற நேரத்தில் தன்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தார். அப்படிப்பட்ட இருவருக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு ஓர் இடம் கிடைத்ததே, அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இப்போது பாமூன் இல்லை. ஹெராயிஸும் இல்லை. ஏடு பள்ளியின் அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தின் மேலே அவள் இழுத்த கோடு இருக்கிறது.