படகுக்காரன் சொன்ன வரி

கோமதிநாயகத்துக்கு நாற்பத்துமூன்று வயது. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவருடைய ஆசானுக்கு இருபத்தேழு வயது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம், நாயகம் கவலைப்பட மாட்டார்.

ஆசானின் பெயர் ஜெபசீலி. பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் கேம் சென்டர் வைத்திருந்தாள். 'வெர்டோமார்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. வாள், மந்திரம், டிராகன், சாபம் பிடித்த ராஜ்யம் எல்லாம் உண்டு. மற்றவர்கள் ஒரு தடவை முடிப்பதற்கே முக்கி முனகிய விளையாட்டை அவள் ஒன்பது வழிகளில் முடித்திருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காதவரை வாயைத் திறக்க மாட்டாள். அதனாலேயே 'வெர்டோமார் தமிழ்ப் படை' என்ற ஆன்லைன் குரூப்பில் எல்லோரும் அவளை ஆசான் என்றார்கள்.

அந்தக் குரூப்பில் பதினோராயிரம் பேர். அட்மின், நம்ம நாயகம்.

இரண்டாம் பாகம் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கம்பெனி வெளியே விட்டிருந்தது ஒரே ஒரு டிரெய்லர், இரண்டு நிமிஷம் பதினாலு விநாடி. படைக்கு அது போதாதா? ஒவ்வொரு விநாடியையும் நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டி, பெரிசாக்கிப் பார்த்தார்கள். கோட்டைச் சுவரில் ஏழு கீறல் இருந்தது, ஆகவே ஏழு ராஜ்யம் என்றார்கள். குதிரைக்குச் சேணம் இல்லை, ஆகவே டிராகன் மேல் ஏறலாம் என்றார்கள். போன பாகத்தில் செத்தவர்கள் இந்தப் பாகத்தில் எழுந்து வருவார்களா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. செத்தவனுக்கே தெரியாத விஷயத்தில் உயிரோடிருக்கிறவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நின்றது நாயகத்தின் 'அக்கரைக் கொள்கை'.

முதல் பாகத்தில் ஒரு ஆறு வரும். கதாநாயகனைப் படகுக்காரன் ஒருவன் கொண்டுபோய் விடுவான். அப்போது அவன் சொல்வதாக நாயகம் எழுதிய வரி இது:

'உன் அப்பாவையும் நான்தான் ஏத்திக்கிட்டுப் போனேன். பயப்படல. வழியெல்லாம் உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டு வந்தாரு. மழையில நனைய வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு. உனக்கு நெஞ்சுச்சளியாமே.'

இந்த வரியிலிருந்துதான் எல்லாம் முளைத்தது. கதாநாயகனின் அப்பா அக்கரையில் இருக்கிறார், இரண்டாம் பாகத்தில் அவரைப் பார்க்கலாம். நெஞ்சுச்சளி என்பது பனிச்சாபம், ஆகவே மழையில் நனைந்தால் உயிர் குறையும் ஏற்பாடு ஒன்று வரப்போகிறது. டிரெய்லரில் மழை பெய்கிறதே! கரையில் காலிப் படகு நிற்கிறதே! இதற்குமேல் என்ன வேண்டும்?

"எனக்குன்னே எழுதி வச்ச மாதிரி ஒரு வரி" என்று நாயகம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆறு வாரம் முன்னால் இசக்கிராஜ் குரூப்பில் ஒரு பதிவு போட்டான். இசக்கிராஜ் யாரென்றால், நாயகத்தோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட இருப்பவன். பாளையங்கோட்டையிலேயே சமாதானபுரத்தில் மருந்துக்கடை. குரூப்பை ஆரம்பித்ததே இரண்டு பேரும் சேர்ந்துதான்.

அவன் எழுதியது இவ்வளவுதான்: 'நாயகம், அப்படி ஒரு வரி கேம்ல கிடையாது. அது சும்மா படகு. விட்டுரு.'

நாயகத்துக்கு வந்ததே கோபம்! பதினோராயிரம் பேர் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவான்? 'துரோகி' என்று ஒரே வார்த்தை எழுதி, இசக்கிராஜைக் குரூப்பிலிருந்து தூக்கி எறிந்தார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் அவன் எறிந்த கல் சும்மா கிடக்கவில்லை. போன வியாழக்கிழமை யாரோ ஒருத்தன் கேட்டான்: 'அட்மின், அந்த வரி வர்ற இடத்தை வீடியோ எடுத்துப் போடுங்களேன்.' நியாயமான கேள்விதான். அதனால்தான் நாயகத்துக்கு இன்னும் கோபம் வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் போடுகிறேன். போடாவிட்டால் அட்மின் பொறுப்பையும் விடுகிறேன், மீசையையும் எடுக்கிறேன்' என்று எழுதிவிட்டார்.

எழுதிவிட்டு மூன்று நாள் தேடினார். அந்த வரி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, பென் டிரைவில் ஐந்து வருஷத்துக்கு முன் சேமித்து வைத்த ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு ஆசானின் மாடிப்படி ஏறினார்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபசீலி. சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். மிக்சர் துணுக்கு உதிர்ந்தது.

"ஆசான், படகுக்காரன் வரி எந்த வழியில வருது?"

"எந்த வரி?"

நாயகம் முழுதாகச் சொன்னார். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

அவள் கீபோர்டை நிமிர்த்தி வைத்தாள். "இதை எங்கிட்ட நீங்க இதுவரைக்கும் கேட்டதே இல்ல" என்றாள்.

"இப்பக் கேக்கேன்."

"அந்த வரி வந்த அன்னிக்கு எப்படி ஆடுனிய?"

"சாதாரணமாத்தான்."

"அப்படியே ஆடுங்க, பாப்போம்."

நான்காம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பையை வைத்தார். அந்தப் பழைய ஆட்டத்தைத் திறந்து, கதாநாயகனை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போனார். படகுக்காரன் நிமிர்ந்து பார்த்தான். திரையின் அடியில் இங்கிலீஷில் இரண்டு துண்டு வாக்கியம் வந்தது. படகு கிளம்பிவிட்டது.

"இது இல்ல, ஆசான். இது எல்லாருக்கும் வர்றது."

"அன்னிக்கு வேற என்ன இருந்துச்சு?"

நாயகம் யோசித்தார். "குதிரை இல்ல. நடந்து வந்தேன். மழை."

குதிரையை விட்டுவிட்டு, சத்திரத்தில் மழை வரும்வரை காத்திருந்து, நனைந்துகொண்டே வந்தார். படகுக்காரன் அதே இரண்டு துண்டைத்தான் சொன்னான்.

"தீப்பந்தம் அணைஞ்சிருந்துச்சு. அதை மறந்துட்டேன்."

பந்தத்தை அணைத்தார். கிழிந்த போர்வையை மாட்டினார். படகுத்துறை நாய்க்கு ரொட்டி போட்டார். இடது பக்கமாக வந்தால் ஒரு மாதிரி, வலது பக்கமாக வந்தால் ஒரு மாதிரி என்று ஒரு சந்தேகம் வந்து, இரண்டு பக்கமாகவும் வந்தார். கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்துகிறவன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டான். எட்டு தடவை ஆற்றைத் தாண்டியாயிற்று. படகுக்காரன் எட்டு தடவையும் அசைந்து கொடுக்கவில்லை.

மணி பன்னிரண்டு ஆயிற்று.  நாயகம் மீசையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆசான், நீங்க ஒன்பது வழியில முடிச்சவங்க. கொஞ்சம் சொல்லப்படாதா?"

"ஒன்பதும் என் வழி. உங்க வழி உங்களுக்குத்தானே தெரியும்?"

"எல்லாத்தையும் அன்னிக்கு இருந்த மாதிரியேதான் வச்சிருக்கேன்."

ஜெபசீலி பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். "அன்னிக்கு உங்க பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"அங்க இசக்கி இருந்தான்."

"அவரு என்ன செஞ்சாரு?"

"அவனா? வாசிச்சான். எனக்கு இங்கிலீஷு அவ்வளவா ஓடாது ஆசான். நான் கன்ட்ரோலரைப் புடிச்சுக்கிடுவேன், அவன் வாசிச்சுத் தமிழ்ல சொல்லுவான். சும்மா இல்ல, ஆளாளுக்கு ஒரு குரலு. சத்திரக்காரி பேசுனா எங்க தெரு ராமலெட்சுமி அக்கா குரலு. டிராகன் பேச ஆரம்பிச்சா முதல் வார்த்தையே 'ஏலே'தான். ரெண்டு சொல்லு எழுதியிருந்தா ரெண்டு நிமிஷம் வாசிப்பான் படுபாவி."

சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டார். துரோகி என்று எழுதினது ஒரு நிமிஷம் மறந்துபோய்விட்டது.

"ஆத்தைத் தாண்டுனது என்னிக்கு, ஞாபகம் இருக்கா?"

சிரிப்பு நின்றது. "இருக்கு. அப்பா போயி பதினாறாம் நாளு. மத்தியானம் காரியம் முடிஞ்சு சொந்தக்காரவங்க எல்லாம் பஸ் ஏறிட்டாவ. நான் சும்மா செவத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். இசக்கிதான் வந்து, 'வாடே, ஆத்தைத் தாண்டிருவோம்'னு அவன் வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனான்."

ஜெபசீலி அவருடைய பையை எடுத்துத் தரையில் வைத்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போங்க அண்ணாச்சி. நான் வாசிக்கேன்."

மழை, நடை, அணைந்த பந்தம், நாய்க்கு ரொட்டி. படகுக்காரன் நிமிர்ந்தான். அடியில் எழுத்து வந்தது.

"'நடுவுல உக்காரு. தண்ணியைப் பாக்காதே'" என்று வாசித்தாள். நிறுத்தினாள்.

படகு நகர்ந்தது. அக்கரை சேர ஒரு நிமிஷத்துக்கு மேலே ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. திரையின் அடியில் ஒரு எழுத்தும் வரவில்லை.

நாயகம் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு இந்த ஒரு நிமிஷம் முழுக்க இசக்கியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அவன் திரையைப் பார்த்து வாசிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசித்தான். மூக்கை உறிஞ்சினான். அவனுக்கு ஜலதோஷம் என்று நாயகம் அன்று நினைத்தார்.

நெஞ்சுச்சளி.

'மழையில நனையாதடே, ஒனக்கு நெஞ்சுச்சளி.' பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பா வாசலில் நின்று தினமும் இதைத்தான் சொல்லுவார். நாயகம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருக்கிறவன்தான் திரும்பி, 'சரி மாமா' என்று சொல்லுவான்.

கேரியரில் உட்கார்ந்திருந்தவன் இசக்கி.

பதினோராயிரம் பேர் பனிச்சாபம் என்றார்கள். மழையில் உயிர் குறையும் என்றார்கள். ஒருத்தன் அதற்குப் படம்கூட வரைந்தான்.

நாயகம் கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தார்.  இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாற்பத்துமூன்று வயது ஆள், பட்டப்பகலில், கேம் சென்டரில். ஜெபசீலி எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, பழையபடி கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

திரையில் படகு அக்கரை சேர்ந்திருந்தது. கதாநாயகன் இறங்காமல் நின்றான், இறக்கிவிட ஆளில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நாயகம் முகத்தைத் துடைத்தார்.

"பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. அஞ்சு வருஷமா என்னைய நம்ப விட்டுட்டான்."

"சொன்னாருல்லா?" என்றாள் அவள். "ஆறு வாரத்துக்கு முன்ன."

 நாயகம் மேஜையில் கிடந்த போனை எடுத்தார். குரூப்பில் நூற்று நாற்பது பதிவு வந்து கிடந்தது. 'அட்மின், வீடியோ எங்கே?' 'மீசைக்கு ஆபத்து!' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள்.

அவர் நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'படகுக்காரன் அப்படிச் சொல்லவில்லை. இசக்கிராஜ் எழுதியதுதான் உண்மை. துரோகி என்று நான் எழுதியது தப்பு. சாயங்காலம் மீசையையும் எடுத்துவிடுகிறேன், அட்மின் பொறுப்பையும் விட்டுவிடுகிறேன்.' அனுப்பினார். பிறகு இசக்கிராஜின் பெயரைத் தேடி, மறுபடியும் உள்ளே சேர்க்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார். அழுத்தவில்லை. அதை அழுத்தினால் போதுமா என்று அவருக்குத் தெரியவில்லை. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். படிக்கட்டு வரை போனவர் திரும்பி நின்றார். டிரெய்லர் வந்த நாளிலிருந்து குரூப்பில் எல்லோரும் கேட்கிற மாதிரிக் கேள்வியைத்தான் அவரும் கேட்டார். ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆசான், ரெண்டாம் பாகத்துல அந்தப் படகுக்காரன் வருவானா?"

ஜெபசீலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது.

"ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கெல்லாம் மருந்துக்கடையைச் சாத்திருவாவ அண்ணாச்சி" என்றாள். "போனைக் கையில எடுத்துக்கிட்டு, வெரசா நடங்க."