சேனை மறக்காத சத்தியம்

அந்தக் காலத்தில் சேனைக்கிழங்குக்குப் பேச்சும் இருந்தது, இனிப்பும் இருந்தது. மண்ணிலிருந்து எடுத்து அப்படியே கடித்துத் தின்னலாம். யார் கையையும் அது அரித்ததில்லை.

மூன்று வருடம் மழை பொய்த்தது. மலையடிவாரத்தில் சேனை இனமே அழிந்து, ஒரு புளியமரத்தின் கீழே ஒரே ஒரு கிழங்கு மிஞ்சியது. சடையன் என்பவன் கடப்பாரையோடு வந்து அதைத் தோண்டினான்.

"அண்ணே, பசிக்கு என் உடம்ப எடுத்துக்கங்க. தலையில இருக்கிற முளைய மட்டும் மண்ணுல விட்டுடுங்க. எங்க குலத்துக்கு இனி அது ஒண்ணுதான்" என்றது சேனை.

"தொட மாட்டேன். இந்தப் புளியமரம் சாட்சி" என்று மரத்தில் அடித்துச் சத்தியம் செய்தான் சடையன். முளையை வெட்டிப் புதைத்துவிட்டு மீதியைச் சுமந்து போனான்.

அவனும் மனைவி காரியும் எட்டு நாள் தின்றார்கள். ஒன்பதாம் நாள் பானை காலி. மேற்கே மேகம் கறுத்து நின்றது. சடையன் கடப்பாரையை எடுத்தான்.

"ஏய்யா, எங்க கிளம்பிட்ட? மழை வரப்போகுது. வந்தா நாலு நாள்ல கீரை முளைச்சிடும். சத்தியம் பண்ணினியே!" என்றாள் காரி.

"போடி. கிழங்குக்கு என்ன கையா காலா, வந்து என் குடுமியப் பிடிக்க?"

காரி பின்னாலேயே ஓடினாள். அதற்குள் தோண்டிவிட்டான். அவன் உள்ளங்கையில் முளை நடுங்கியது.

"அண்ணே, காத்துல மண்வாசனை வருது. இன்னும் ஒரு பொழுது பொறுத்துக்கங்க."

"நீ பொறுக்கலாம். உனக்கு வயிறு இல்ல, எனக்கு இருக்கே" என்று பாதியைக் கடித்தான்.

சேனைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கோபம் இருந்தது. அது அவன் தொண்டையைப் பிடித்தது. நாக்கு தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. சடையன் மண்ணில் புரண்டான்.

காரி அவன் கையில் மிஞ்சிய பாதி முளையிடம் கெஞ்சினாள். "விட்டுடு தாயி. செத்துப்போயிடுவான்."

"என் குலம் சாகுறப்போ அவன் விட்டானா?"

மேலே புளியமரம் அசைந்தது. "சாட்சி நான். அவன் வாக்கைக் காப்பாத்த வைக்க என்னால முடியல. என் பழத்த வாங்கிக்கிட்டு இந்த ஒரு தடவ விடு" என்று ஒரு பழத்தை உதிர்த்தது.

அப்போதுதான் மழை இறங்கியது. காரி அந்தத் தண்ணீரிலேயே பழத்தைக் கரைத்து அவன் வாயில் விட்டாள். பிடி மெல்லத் தளர்ந்தது. மூச்சு வந்தது. அவள் பாதி முளையை எடுத்து, அதே குழியில் நட்டு மண்ணை மூடினாள்.

"சாட்சி சொன்னதுக்காக விட்டேன். மன்னிச்சதா நினைச்சுக்காதீங்க" என்றது சேனை. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான் சேனையை நறுக்கினால் கை அரிக்கிறது. புளி விட்டு வேகவைக்காமல் தின்றால் தொண்டையைப் பிடிக்கிறது. அதைக் கிழங்கின் குறை என்று சொல்கிறார்கள். சத்தியத்தை மீறியது கிழங்கு இல்லை.