முதலாளி இலையில் ரசம்

பட்டாபிராமன் கம்பெனியில் நெட் திணறியது. ஒரு மெயில் போய்ச் சேர்வதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம்.

"லைன் நிரம்பினா 'போதும்'னு சொல்லும் சார். நம்ம கம்ப்யூட்டருங்க அதைக் கேட்டு வேகத்தைக் குறைக்கணும்," என்றான் நெட்வொர்க் பார்க்கும் இசக்கியப்பன்.

"குறைக்கறதா? எவன் போதும்னாலும் என் கம்பெனி நிறுத்தாது!" என்று மீசையை முறுக்கினார் முதலாளி பட்டாபிராமன். "வேகம் குறையாம நாளைக்குள்ள நெரிசலைத் தீர். இல்லாட்டி வீட்டுக்குப் போ!"

மறுநாள் ஆயுதபூஜை. கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனப் பொட்டு, ஆட்களுக்கு வாழையிலைச் சாப்பாடு. இசக்கி ரச வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே முதலாளி இலைக்குப் போய் ஊற்றினான். முதலாளி கையைக் குறுக்கே நீட்டினார். அவன் கைமேலேயே ஊற்றினான். ரசம் இலையைத் தாண்டி மடியில் இறங்கியது.

"போதும்னு கை காட்டுறேன், கண்ணு தெரியலையா? நிறுத்துடா!"

"நம்ம கம்பெனிதான் நிறுத்தாதே சார்!"

பந்தியே சிரித்தது. "சரிடா, கம்ப்யூட்டரும் கேட்கட்டும்," என்று முனகிய முதலாளி, மறுபடி ரசம் விழுமோ என்ற பயத்தில் இரண்டு கையையும் இலைமேல் விரித்தார்; எடுக்கவேயில்லை. பின்னால் வந்த பாயச வாளி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டது.

"ஐயோ, பாயசம்!"

"இடம் இருந்தா கையை எடுக்கணும் சார்," என்றான் இசக்கி. "லைன்ல இடம் வந்தா மறுபடி வேகத்தைக் கூட்டணும்னு கம்ப்யூட்டருக்கும் சொல்லிடறேன்."