எல்லாம் ஒரே நேரத்திலா ஓடப்போகுது?

கோத்தகிரிக் குளிருக்குப் பயந்த மில் முதலாளி கனகசபாபதி, தன் பங்களாவுக்கு இரண்டு ஹீட் பம்ப் வாங்கிவந்தார். அறைகளைச் சூடாக்க ஒன்று, வெந்நீருக்கு ஒன்று.

வயர்மேன் ஜோகி கணக்குப் போட்டான். "கரண்ட் அடுப்பும் இருக்குதுங்க. எல்லாம் சேர்ந்தா பன்னெண்டு கிலோவாட். இந்த லைன் அஞ்சுதான் தாங்கும். பெரிய லைன் வாங்கணுங்க."

"எல்லாம் ஒரே நேரத்திலயா ஓடப்போகுது? பழைய லைன்லயே மாட்டுடா. சம்பந்தி வர்றப்ப ஃபியூஸ் போச்சுன்னா இந்த மலையில உனக்குப் பொழப்பே இல்லை!"

"போகாதுங்க," என்றான் ஜோகி.

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஃபியூஸ் போகவில்லை. ஆனால் சம்பந்தியம்மாளின் அறை சூடானால் குளியலறையில் சம்பந்தி, "வெந்நீர் எங்கே?" என்று அலறினார். அவருக்கு வெந்நீர் விட்டால் அடுப்பில் பணியாரம் பாதி வேக்காட்டில் நின்றது. ஜோகி மாட்டியிருந்த திருகு சுவிட்ச், ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் விடும். அதுவும் வெளியே, பனியில், மீட்டர் பெட்டியருகே இருந்தது.

குரங்குக் குல்லாவோடு திருகித் திருகிக் கை விறைத்த முதலாளி கத்தினார்: "என்னடா இது?"

"நீங்க சொன்ன கணக்குதானுங்க. எதை எப்ப ஓட்டறதுன்னு முதலாளிதானே முடிவு பண்ணணும்? நான் சொன்னா நல்லாருக்குமுங்களா?"

மறுநாள் மின்வாரிய அலுவலகம் திறக்குமுன்பே வாசலில் ஒருவர் நின்றிருந்தார், குல்லாவைக்கூடக் கழற்றாமல்.