நாலாம் தாவளத்து நெருப்பு

டேய், எல்லாரும் காலை நீட்டிட்டு "ஐயோ முட்டி, ஐயோ தொடை"ன்னு மொனகுறீங்களே, உங்களை யாரு மலை ஏறச் சொன்னது? பிரியாணிக் கடைக்கு ரெண்டு தெரு நடக்கச் சொன்னா ஆட்டோ கேக்குற கூட்டம் நீங்க. அதுல ஒருத்தன் புது ஷூ வாங்கி, கால்ல கொப்புளம் வந்து, கடைசி நாள் ஷூவைக் கையில தூக்கிட்டு இறங்கி வந்தான். பேரு சொல்ல மாட்டேன். அவனே முகத்தைத் திருப்பிக்கிட்டான் பாருங்க.

உங்களை விட நல்லா நடக்குற ஒரு கூட்டம் இருக்கு. அதுங்க கதையைக் கேளுங்க. நடுவுல எவனாவது போனைத் தொட்டா அங்கேயே நிறுத்திடுவேன். அப்புறம் முடிவு தெரியாம அலையுங்க.

ஒரு மலைத்தொடர். வரிசையா ஒன்பது கொண்டை, அதாவது ஒன்பது மலை உச்சி. கிழக்குப் பக்கம் மாசி மாசமே காஞ்சு கருவாடாயிடும். மேற்குக் கடைசியில நீலிக்கயம்னு ஒரு ஆழமான மடு. அது மட்டும் வத்தவே வத்தாது. அதனால வருஷா வருஷம் கோடை வந்தா கிழக்குல இருக்குற மிருகங்க எல்லாம் மூட்டையும் கட்டாம, முடிச்சும் கட்டாம, ஒன்பது கொண்டையும் ஏறி இறங்கி நீலிக்கயம் போகும். மழை விழுந்ததும் அதே பாதையில வீடு திரும்பும்.

ஒவ்வொரு கொண்டையிலயும் ஒரு தாவளம். தாவளம்னா ராத்தங்குற இடம். ஒரு சின்னக் குட்டை, ரெண்டு அத்தி மரம், படுக்கக் கொஞ்சம் நிழல். அவ்வளவுதான் வசதி.

அந்தப் பாதைக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. அதுக்குப் பேரு பின்பங்கு. முன்னால போறவன் குடிக்கலாம், குளிக்கக் கூடாது. பழம் தின்னலாம், கிளையை உலுக்கக் கூடாது. பின்னால வர்றவனுக்குப் பங்கு இருக்கணும். புலி கூட இதை மதிச்சுத்தான் போகும். குடிச்சிட்டு, வாயைத் துடைச்சிட்டு, ஓரமா.

அந்த வருஷம் பாதையில குரங்குக் கூட்டம் ஒண்ணு வந்துச்சு. தலைவன் பேரு டமாரம். ஏன் அந்தப் பேருன்னு நான் சொல்லணுமா? அது வர்றதுக்கு அரை மைல் முன்னாடியே அது சத்தம் வந்துடும்.

கூடவே ஒரு காட்டுப்பூனை. பேரு நாசூக்கு. அது தன் உடம்பை நக்கி நக்கியே பாதி நாளைக் கழிக்கும். தான் போன இடத்துல அடையாளமே இருக்கக் கூடாதுங்கற இனம். எந்த அசிங்கம் பண்ணினாலும் சரக் சரக்குன்னு நாலு பிராண்டு மண்ணைத் தள்ளி மூடிடும். மூடிட்டா முடிஞ்சுது. அது பண்ணவே இல்லைன்னு அதுவே நம்பிடும்.

நாலாம் கொண்டைக்குக் கீழே ஏத்தத்துல ஒரு ஆமை நடந்துட்டிருந்துச்சு. அமுதவல்லி. தை மாசமே கிளம்பினது. பல்லைக் கடிச்சு ஏறுதுன்னு சொல்லலாம், ஆனா ஆமைக்குப் பல்லு கிடையாது.

டமாரம் அது முதுகு மேல ஒரு கால் வச்சு அந்தப் பக்கம் தாவுச்சு. பின்னாடியே பதினெட்டுக் குரங்கும் அதே முதுகுல அதே மாதிரி தாவுச்சு.

"அமுதக்கா, நீ போய்ச் சேரும்போது நாங்க திரும்பி வந்துட்டிருப்போம்" அப்படின்னுச்சு டமாரம்.

"வாங்கடா வாங்க. ஆனா மேல குட்டையில தண்ணி மட்டும் வச்சிட்டுப் போங்க. மூணு நாளா நாக்கு நனையல" அப்படின்னுச்சு ஆமை.

"உனக்கா? ஒரு ஸ்பூன் போதாது?"

"அந்த ஸ்பூனாவது வைடா."

சாயங்காலம் தாவளம் போய்ச் சேர்ந்தாங்க. குட்டையைப் பாத்ததும் டமாரத்துக்குக் கை கால் நிக்கல. கரையில இருந்த பெரிய கல்லு மேல ஏறித் தொம்முனு குதிச்சுது. எல்லாரும் குதிச்சாங்க. குதிச்ச குதியில கல்லு பேந்துச்சு. கல்லு பேந்த ஓட்டை வழியா தண்ணி சளசளன்னு சரிவுல போயிடுச்சு. பொழுது விடியறப்போ குட்டையில மிச்சம் இருந்தது சேறும் ரெண்டு தவளையும்தான்.

தாவளத்து அத்தி மரத்துல செங்கமலம்னு ஒரு மலை அணில் கூடு கட்டிக் குடியிருந்துச்சு. அது மேல இருந்து திட்டுச்சு. "பின்பங்கு எங்கடா?"

"பின்னாடி யாரு வரப் போறா? ஒரு ஆமை" அப்படின்னுச்சு டமாரம்.

காலையில பயங்கரக் குளிரு. டமாரம் கையில ஒரு லைட்டர் இருந்துச்சு. யாரோ மலையேற வந்த மனுஷங்க பையைத் திறந்து போட்டுட்டுத் தூங்கினப்போ சுட்டது. அவங்க எப்படிப் பத்த வைக்கிறாங்கன்னு பாத்துப் பாத்து அதுவும் கத்துக்கிச்சு.

பட்டுப்போன ஒரு அடிமரத்துக்குப் பக்கத்துல சருகைக் குவிச்சாங்க. லைட்டரைத் தட்டுச்சு டமாரம். பத்திக்கிச்சு! பலாக்கொட்டை சுட்டுத் தின்னாங்க. குண்டியைக் காட்டிக் குளிர் காய்ஞ்சாங்க. நாசூக்கு நாலு காலையும் மாத்தி மாத்திக் காட்டிச்சு.

வெயில் ஏறினதும் கிளம்பணும். "நெருப்பு?" அப்படின்னு கேட்டுச்சு ஒரு குட்டிக் குரங்கு.

"நான் பாத்துக்கறேன்" அப்படின்னுச்சு நாசூக்கு.

திரும்பி நின்னுச்சு. சரக், சரக், சரக். மண்ணும் சருகும் சேர்ந்து நெருப்பு மேல விழுந்துச்சு. புகை நின்னுச்சு. உங்க வீட்டுப் பூனை காலையில தோட்டத்துல என்ன பண்ணுதோ, அதே வேலை. கொஞ்சம் கூட வித்தியாசம் இல்ல.

"பாருங்க, இங்க ஒண்ணுமே நடக்கல" அப்படின்னு சொல்லிட்டு வாலைத் தூக்கிட்டு நடந்துச்சு.

ஆனா நெருப்பு என்ன செத்த சமாச்சாரமா, புதைச்சா கிடக்குறதுக்கு? மண்ணுக்குள்ள கங்கு கண்ணு முழிச்சிட்டிருந்துச்சு. பட்டுப்போன மரத்தோட வேரைப் பிடிச்சுது. பீடி மாதிரி உள்ளுக்குள்ளயே கனிஞ்சு கனிஞ்சு பத்தடி தள்ளிப் போய், உச்சி வெயில்ல, ஆளுயரம் காஞ்சு நின்ன புல்லுக்கு நடுவுல தலையைத் தூக்கிச்சு.

அந்த நேரம் பாத்து மேற்கே இருந்து கணவாய்க் காத்து கிளம்பிச்சு. நெருப்பைத் தூக்கிக் கிழக்குச் சரிவுல உருட்டி விட்டுச்சு. அந்தச் சரிவுலதான் அமுதவல்லி வந்துட்டிருந்துச்சு.

குரங்குக் கூட்டம் அஞ்சாம் கொண்டை ஏறிட்டிருந்துச்சு. பின்னாலயே மரத்துக்கு மரம் தாவி வந்துச்சு செங்கமலம். மூச்சு இரைக்குது. வால் நுனி பொசுங்கியிருக்கு.

"தாவளம் எரியுது! என் மரம் போச்சு. கீழ ஆமை மாட்டிக்கிச்சு."

"எங்க நெருப்பா இருக்காது. நாங்க மூடிட்டோம்" அப்படின்னுச்சு டமாரம்.

"நான்தான் மூடினேன். மூடினது மூடினதுதான்" அப்படின்னுச்சு நாசூக்கு.

"அது நெருப்புடி, நீ காலையில போற சமாச்சாரம் இல்ல!"

நாசூக்கு திரும்பி உக்காந்து தன் காலை நக்க ஆரம்பிச்சுடுச்சு. டமாரம் மட்டும் விடல. "வேற யாராவது வச்சிருப்பாங்க."

"காட்டுல லைட்டர் வச்சிருக்குற ஒரே குரங்கு நீதான்டா. அந்த ஆமையால ஓட முடியாது. நீ ஓடுவ. வர்றியா இல்லையா?"

டமாரம் திரும்பிப் பாத்துச்சு. நாலாம் கொண்டைக்கு மேல புகை யானை யானையா எழுந்து நின்னுச்சு. வாழ்க்கையில முதல் தடவையா டமாரம் சத்தம் போடாம ஓடுச்சு.

தாவளம் வந்ததும் கத்துச்சு. "குட்டையில தண்ணி மொண்டு ஊத்துங்கடா!"

"எந்தக் குட்டை? நேத்து நீ கல்லைப் பேத்த குட்டையா?" அப்படின்னுச்சு செங்கமலம்.

குட்டையில சேறுதான் கிடந்துச்சு. டமாரம் அதுக்குள்ள இறங்குச்சு. அப்புறம் இருந்த சேத்தை அள்ளித் தலையிலயும் நெஞ்சுலயும் பூசிக்கிச்சு. சரிவுக்கு ஓரமா ஒரு பாறை வரிசை இறங்குது. அதுல தாவித் தாவி, நெருப்பை முந்திக் கீழே பாஞ்சுது. இடது பக்கம் நெருப்பு கூடவே ஓடி வருது. குரங்கு பாயுது, நெருப்பு பாயுது. குரங்கு ரெண்டு பாறை முன்னால. நெருப்பு ஒரு பாறை முன்னால. குரங்கு மறுபடி முன்னால!

நடுச்சரிவுல ஒரு மொட்டைப் பாறை. அதுல அமுதவல்லி நாலு காலையும் உள்ள இழுத்துட்டு உக்காந்திருந்துச்சு. மூணு பக்கமும் எரியுது. பாறை தோசைக்கல்லா சுடுது.

"அமுதக்கா, தலையை உள்ள இழு!"

"அதை எனக்கு நீ சொல்லித்தரப் போறியா?" அப்படின்னு ஓட்டுக்குள்ள இருந்து குரல் வந்துச்சு.

டமாரம் அதை வாரி, குட்டியைப் பிடிக்கிற மாதிரி வயித்தோட அணைச்சுக்கிச்சு. சின்னப் பலாக்காய் கனம். பின்னங்கால் ரெண்டுலயும் நிமிந்து, நெருப்பு இல்லாத அந்த நாலாவது பக்கமா ஓடுச்சு. உள்ளங்கால் வெந்துச்சு. வால் பத்திக்கிச்சு. விடல. சரிவு முடிஞ்சு, வெறும் கல்லாக் கிடக்குற ஓடையில போய் விழுந்தாங்க. நெருப்பு கல்லு வரைக்கும் வந்து, தின்ன ஒண்ணும் இல்லாம நின்னுச்சு.

அமுதவல்லி மெதுவா தலையை நீட்டி சுத்தும் முத்தும் பாத்துச்சு. "இது எந்த இடம்?"

"மூணாம் கொண்டை அடிவாரம் அக்கா."

"பாவி. இங்கிருந்து அந்தப் பாறைக்கு ஏற எனக்குப் பதினோரு நாள் ஆச்சு."

டமாரம் அழுதுச்சு. கால் வலியில அழுதுச்சா, வேற எதுக்காகவான்னு யாரும் கேக்கல.

மேல தாவளத்துல நாசூக்கு கருகின மண்ணைப் பிராண்டிப் பிராண்டிப் பாத்துச்சு, இன்னும் உள்ள கங்கு இருக்கான்னு. இந்தத் தடவை மூடறதுக்கு இல்ல, தோண்டறதுக்கு. பொழுது சாயற வரைக்கும் தோண்டுச்சு. செங்கமலம் கருகின அத்தி மரத்துல ஏறி ஏறி இறங்குச்சு. கூடு இருந்த கிளையே இல்ல, ஏறி என்ன ஆகப் போகுது?

எரிஞ்ச சரிவைத் தாண்ட அமுதவல்லிக்கு வழியில்ல. ஒரு மாசம் நடக்கணும், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, ஒரு இலை இல்ல. நீலிக்கயம் அந்த வருஷம் அதுக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. திரும்பி ரெண்டாம் தாவளத்துக்கு நடந்துச்சு. அங்க குட்டையில கொஞ்சம் தண்ணி இருந்துச்சு. மழை வந்தா பிழைக்கலாம், வரலைன்னா இல்ல.

கூட்டம் நொண்டிக்கிட்டே நீலிக்கயம் போச்சு. அங்க போயும் டமாரம் குதிக்கல. ஓரமா உக்காந்து குடிச்சுது.

சித்திரை நடுவுல ஒரு சாரல் விழுந்துச்சு. வேற எதுவும் யோசிக்காம எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினாங்க. ஆனா அது புழுதி அடங்குற அளவுக்குத்தான் பேஞ்சுதுன்னு பாதி வழியிலதான் தெரிஞ்சுது. நாலாம் தாவளத்துல கரிக்கட்டை. கல்லு பேந்த குட்டையில ஒண்ணும் தங்கல. மூணாம் தாவளத்துல அடிக்கிற காத்துல சாம்பல் வந்து குட்டை முழுக்கக் கறுப்பாக் கிடந்துச்சு. குட்டிங்க பால் இல்லாமக் கத்துச்சு. தாய்க் குரங்குங்க நடக்க முடியாம உக்காந்துடுச்சு.

"ரெண்டாம் தாவளத்துல தண்ணி இருக்கும்" அப்படின்னுச்சு நாசூக்கு.

"அங்க ஆமை இருக்கு" அப்படின்னுச்சு டமாரம்.

ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல உறைச்சுது. போறப்போ கடைசியா வந்த ஆமை, திரும்புறப்போ எல்லாருக்கும் முன்னால இருக்கு. இப்போ பின்னால வர்றவங்க இவங்கதான்.

போய்ப் பாத்தா, குட்டையில தண்ணி பளிங்கு மாதிரி நின்னுச்சு. கரையில அத்திப்பழம் சிதறிக் கிடந்துச்சு. ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் கடிச்ச அடையாளம். அமுதவல்லி தாவளத்தை விட்டு இருபது அடி தள்ளி, வீட்டைப் பாத்து நடந்துட்டிருந்துச்சு. அன்னிக்குக் காலையில கிளம்பினது.

குட்டிங்க போய்த் தண்ணியில வாய் வச்சுது. டமாரம் மட்டும் குடிக்காம ஆமை முன்னால போய் நின்னுச்சு.

"அக்கா, எங்களுக்கு எதுக்கு விட்டு வச்ச?"

"உங்களுக்குன்னு யாருடா விட்டா? எனக்குப் பின்னால வர்றவங்களுக்கு விட்டேன். வர்றது நீயா இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? போ, போய்க் குடி. வழியை விட்டு நகரு, எனக்கு நேரமாகுது."

டமாரம் நகந்துச்சு. ஆமை அது காலுக்குப் பக்கத்துல நடந்து போக ரொம்ப நேரம் ஆச்சு. அது வரைக்கும் டமாரம் அசையாம நின்னுச்சு.

நீதி இதுதான்: பின்னால வர்றவனுக்கு நெருப்பை விட்டுட்டுப் போகாதே, பாதை திரும்புற அன்னிக்குப் பின்னால வர்றவன் நீதான்.

என்னடா எல்லாரும் என்னையே பாக்குறீங்க? சரி, சொல்லிடறேன். கேம்ப்பைக் காலி பண்ணின அன்னிக்குக் காலையில, அடுப்பு மேல ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்தி அணைச்சிட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்ல, அது பொய். தண்ணியை நான் குடிச்சிட்டேன், நெருப்பு மேல காலால மண்ணைத்தான் தள்ளினேன்.